ஜோஸ்பின் மிஸ் உட்காரும் பெஞ்சு

எங்கள் பள்ளியில் வேதியியல் நடத்தும் ஜோஸ்பினுக்கு நாற்காலி ஆகாது. பிளஸ் டூ வகுப்பில் ஆசிரியருக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவளுடைய கைப்பையும் சாக்பீஸ் டப்பாவும்தான் அதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பாடம் நடத்தும்வரை நிற்பாள். பீரியட் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எல்லோருக்கும் ஒரு சமன்பாட்டைக் கொடுத்துவிட்டு, நேராகப் போய் யாராவது ஒரு பிள்ளையை "தள்ளி உக்காரு" என்று இடித்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளையோடுதான் பேச்சு. மறுநாள் அதற்கு அடுத்த பிள்ளை.

நான் அடுத்த அறையில் கணக்கு நடத்துகிறவள். பெயர் பூர்ணிமா. எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவரும், கொக்கி போன ஒரு ஜன்னலும்தான். நான் வகையிடல் நடத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கெக்கேபிக்கே என்று சிரிப்புச் சத்தம் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "ஜோஸு, நீ இப்பிடிப் பக்கத்துல போயி உக்காந்தா நாளைக்கு அதுங்க உன் தலை மேல ஏறி உக்காரும்" என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "ஏறட்டும், முடி கொட்டிப் போயி வழுக்கிடும்" என்பாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஜோஸ்பின் விருத்தாசலத்துக்காரிதான். அப்பா அகஸ்டின் பாலக்கரையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் ராபர்ட்டுக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடல் குழுவில் நிற்பாள். குரல் சுமார்தான், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. டூவீலர் கடைக்காரர் மகளாகப் பிறந்தும் ஸ்கூட்டி ஓட்டத் தெரியாமல் ஓட்டுவாள். இந்தப் பெஞ்சு வழக்கமே அதனால் வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு முனையில் வண்டியோடு விழுந்து கணுக்கால் வீங்கிப்போனது. லீவு போடாமல் நொண்டிக்கொண்டு வந்தாள். நிற்க முடியவில்லை. நாற்காலியைக் கேட்டால், அதன் கால் உடைந்ததென்று யாரோ தச்சரிடம் அனுப்பியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் கடைசி பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் போர்டில் பாதி தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று கண் கூசியது. அந்தப் பையன் ஜூனிலிருந்து பாதி சமன்பாட்டை ஊகித்து ஊகித்து எழுதிக்கொண்டிருக்கிறான். "ஏண்டா சொல்லல?" என்று கேட்டிருக்கிறாள். அவன், "சொல்லலாம்னுதான் மிஸ் இருந்தேன். நீங்க ரொம்ப தூரத்துல நிக்கறீங்க" என்றானாம். போர்டுக்கும் கடைசி பெஞ்சுக்கும் நாலு எட்டு இருந்தால் அதிகம். அதை அவன் தூரம் என்று சொன்னது ஜோஸ்பினைப் போட்டு உலுக்கிவிட்டது. கணுக்கால் வீக்கம் வடிந்தது, அவள் மட்டும் திரும்ப நாற்காலிக்குப் போகவில்லை.

பிள்ளைகள் அதற்கு 'டர்னு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். "இன்னிக்கு என் டர்னு" என்று ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவாள். ஒருவன் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவருவான். வேதியியல் சந்தேகம் ஏதோ ஒன்று பேருக்குக் கேட்பார்கள். அப்புறம் வருவதெல்லாம் வேறு. பெண்ணாடத்துப் பையன் ஒருவன், வெட்டின கரும்பு மில்லுக்குப் போகாமல் காய்கிறது, அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரும் ஒரு பெண், பஸ்ஸில் ஒருவன் தினமும் இடித்துக்கொண்டு நிற்கிறான் என்றாள். ஜோஸ்பின் பெரிதாக புத்தி சொல்ல மாட்டாள். "ம்" கொட்டிக் கேட்டுக்கொள்வாள், நடுவில் அவர்கள் நோட்டில் சமன்பாட்டைச் சரி பண்ணுவாள். ஆனால் அந்த ஸ்ரீமுஷ்ணத்து பஸ்ஸில் மறுநாள் சாயங்காலம் அவளும் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் எந்த ஸ்டாப்பில் இறங்கி ஓடினானோ தெரியாது, அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குத் தொல்லை இல்லை.

இந்த வழக்கத்தில் அவளாகவே போட்ட சட்டம் ஒன்று உண்டு. டர்னு அன்றைக்கு லீவு போட்டால் அது போனது போனதுதான், அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். மாசி மகம் வந்தால் இந்த ஊரில் பாதி வகுப்பு தேரோடு போய்விடும். அதற்காகப் போட்ட சட்டம். அது நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு வந்து டர்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு. அந்தச் சட்டம்தான் இந்த வருஷம் அவள் காலையே வாரிவிட்டது.

பிளஸ் டூவில் கார்முகில் என்று ஒரு பெண். கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா நல்லமுத்து விவசாயி. நிலக்கரிச் சுரங்கத்துக்காக அந்த ஊரில் நிலம் எடுத்தார்கள். இவர்கள் வயலும் வீடும் அதில் போயிற்று. குடும்பம் விருத்தாசலத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தது. அம்மா சிவசங்கரி, பீங்கான் பொம்மை செய்யும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இதெல்லாம் பொங்கலை ஒட்டி நடந்தது. அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவள், எனக்கும் அவளைப் பிடிக்கும். கணக்கில் ஒரு படியைக்கூட விட்டுவிட்டுத் தாண்ட மாட்டாள்.

பொங்கல் லீவு முடிந்து ஒரு வாரம் வந்தாள், அப்புறம் வரவில்லை. பள்ளியிலிருந்து போகிற தானியங்கி ஃபோன் மட்டும் தினமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. "தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை" என்று பதிவு செய்த ஒரு குரல் சொல்லும். குரல் என்னவோ தேன் மாதிரிதான் இருக்கும். நல்லமுத்து அந்த ஃபோனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார் என்பது அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்? தலைமையாசிரியர் ராஜ்மோகன் சாரைக் கேட்டால், "தகவல் போயிட்டுதான் இருக்குது மிஸ், நம்ம சைடுல ஒண்ணும் குறை இல்ல" என்றார்.

செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வராவிட்டால் பொதுத் தேர்வில் அந்த மதிப்பெண் பூஜ்யம், வருஷமே போய்விடும். அப்படி ஒரு வருஷம் விட்ட பெண்கள் திரும்பப் படிக்க வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜோஸ்பின், கார்முகிலோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பாரதியைப் பிடித்துக் கேட்டாள். அந்தப் பெண் முதலில் தெரியாது, தெரியாது என்றது. கடைசியில் அழுதுகொண்டே சொல்லிவிட்டது.

"அவங்க வூட்ட இடிச்சாங்கல்ல மிஸ், அன்னிக்குதான் அவ டர்னு. மிஸ்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்னே இருந்தா. அன்னிக்கு வர முடியல. மறுநாள் வந்தா. நீங்க அவள தாண்டி என்கிட்ட வந்து உக்காந்துட்டீங்க."

"அவ கேட்டிருக்கலாமே!"

"கேக்க மாட்டா மிஸ். 'வூடும் போச்சி, டர்னும் போச்சி'ன்னு சொன்னா. அவ்ளோதான் சொன்னா. இப்ப அவங்கம்மா கூட பொம்ம பட்டறைக்குப் போறா."

அன்று மத்தியானம் ஜோஸ்பின் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கோ பசி. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே ஜோஸு. நீ என்ன வேணும்னேவா பண்ணே?" என்றேன். அவள் என்னை முறைத்தாள். "சட்டம் போட்டது நானு. நிமிந்து அந்தப் புள்ளை மொகத்தப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வரிசையப் பாத்தேன், மொகத்தப் பாக்கல." அப்புறம் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தாள். அவள் ஸ்கூட்டியை எடுத்தால் பட்டறைக்குப் போகிறாளோ ஆஸ்பத்திரிக்குப் போகிறாளோ என்ற பயத்தில் சாவியை நான் பிடுங்கிக்கொண்டேன். சாயங்காலம் என் வண்டியில் போனோம்.

பட்டறை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஒரு பக்கம் மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பீஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அடுத்து கார்முகில். கை முழுக்க வெள்ளை மண். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

சிவசங்கரிதான் பதறினாள். "வாங்க டீச்சரம்மா. நான் எம்மாந்தடவ சொல்லிட்டேன், கேக்கவே மாட்டேங்குது. இது ஒண்ணும் எனக்கு ஒத்தாசைக்கு ஆளு வேண்டிய வேலை கெடையாதுங்க. தானா வந்து உக்காந்துக்குது."

ஜோஸ்பின் சுற்றி வளைக்கவில்லை. அத்தனை பெண்களுக்கு நடுவில், "கார்முகிலு, உன் டர்ன நான் தாண்டிட்டேன். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. தப்பு என்மேலதாம்மா. மன்னிச்சிக்க" என்றாள். பஞ்சு பிடித்த கைகளெல்லாம் நின்றுபோயின. ஒரு டீச்சர், அதுவும் பிளஸ் டூ டீச்சர், மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்? நானே பார்த்ததில்லை.

"பரவால்ல மிஸ்" என்றாள் கார்முகில்.

வயசுப் பெண்களின் கோபத்தில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கத்தினால் சரியாகிவிடும். அழுதால் சீக்கிரமே சரியாகிவிடும். இந்தப் 'பரவால்ல' அப்படிப்பட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து சொன்ன மாதிரி இருந்தது. ஜோஸ்பின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பஞ்சை எடுத்து, தானும் ஒரு யானைப் பொம்மையைத் துடைக்கப் போய் அதன் காதைப் பிய்த்துவிட்டாள். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கார்முகில் சிரிக்கவில்லை. உடைந்த பொம்மையை வாங்கி மண் வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "வுடு ஜோஸு, நம்மளால முடிஞ்சத செஞ்சாச்சி" என்றேன். "அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலியே" என்றாள். மறுநாளும் என்னைக் கிளப்பினாள். அதற்கு மறுநாளும். பெட்ரோல் என்ன இவள் அப்பா கடையிலா ஊறுகிறது? திட்டிக்கொண்டேதான் போனேன், ஆனால் போனேன். போய் அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாளா என்றால் அதுவும் இல்லை. செய்முறைத் தேர்வு கழுத்துக்கு வந்திருக்கிறது, இவள் பொம்மை துடைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உங்க வூடு எப்பிடி இருந்துச்சு கார்முகிலு?"

கார்முகில் பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "கெழக்கப் பாத்த வூடு மிஸ். ஓட்டு வூடு. பின்னால வேப்ப மரம் இருந்துச்சி."

"நீ எங்க உக்காந்து படிப்ப?"

"சமயக்கட்டுக்குப் பக்கத்துல. அங்கதான் காத்து வரும்."

"எனக்கு அதப் பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

கார்முகில் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தாள். "அதான் இல்லியே மிஸ்."

"இடம் இருக்குதுல்ல?"

சிவசங்கரி குறுக்கே விழுந்தாள். "வேணாம் டீச்சரம்மா. இதோட அப்பா அந்தப் பக்கம் போற பஸ்ஸுலகூட ஏற மாட்டேங்கறாரு. போயி என்னாத்தப் பாக்கறது, மண்ணுதான் கெடக்குது." ஆனால் கார்முகில், "ஞாயித்துக்கெழமை வரேன் மிஸ்" என்றாள். பட்டறையில் அவளாகவே சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோஸ்பின் பூசை முடிந்து அதே சேலையோடு வந்து ஏறினாள். கார்முகில் நடுவில், ஜோஸ்பின் கடைசியில், ஒரே வண்டியில் மூன்று பேர். போலீஸ் பிடித்திருந்தால் மானம் போயிருக்கும். கம்மாபுரம் தாண்டி ஒரு கிளை ரோட்டில் திரும்பினோம். தூரத்தில் சுரங்கத்து மண்மேடு மலை மாதிரி நின்றது. ஊரில் சில வீடுகள் மட்டும் மிச்சம். சிலவற்றில் கதவு ஜன்னல் எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஒரு இடத்தில், "இங்க மிஸ்" என்றாள் கார்முகில்.

இறங்கிப் பார்த்தால் வெறும் தரை. செம்மண், உடைந்த ஓட்டுச் சில்லு, வெட்டிப்போட்ட வேப்ப மரத்தின் அடிக்கட்டை. அந்தப் பெண் சொல்லாவிட்டால் அங்கே ஒரு வீடு இருந்ததென்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஜோஸ்பின் வேப்பங்கட்டையைப் பார்த்து நேராக நடந்தாள்.

"மிஸ், மிஸ்! அது செவுரு!"

கார்முகில் போட்ட சத்தத்தில் ஜோஸ்பின் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். அவள் காலுக்குக் கீழே சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. கூர்ந்து பார்த்தால் தரையில் கொஞ்சம் நிறம் மாறின ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஜோஸ்பின் தூக்கின காலை மெல்லப் பின்னால் வைத்தாள். "வாசல் எங்க?" என்று கேட்டாள்.

"இப்பிடி வாங்க. இந்தப் பக்கம்."

ஜோஸ்பின் சுற்றிக்கொண்டு வந்தாள். கார்முகில் காட்டிய இடத்தில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் அந்தச் செருப்பையே பார்த்தது. அப்புறம் மெதுவாக, "தலையப் பாத்து மிஸ். வாச நெல தாழ்வா இருக்கும், குனிஞ்சி வாங்க" என்றது. வெட்டவெளியில், காலை வெயிலில், ஜோஸ்பின் குனிந்து உள்ளே போனாள். நான் இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் ஆள் இல்லை. முள் வேறு கிடந்தது. ஆனாலும் செருப்பை விட்டேன், குனிந்தேன், போனேன்.

"உக்காருங்க மிஸ். இதான் கூடம்" என்றாள் கார்முகில். உட்கார்ந்தோம். எனக்கும் ஜோஸ்பினுக்கும் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது போலவே இரண்டு கையாலும் கொடுத்தாள். தன் புத்தகம் இருந்த இடத்தை, சாமி படம் இருந்த இடத்தை, அப்பா படுக்கும் இடத்தைக் காட்டினாள். காட்டிக்கொண்டே வந்தவள் வாசல் பக்கம் திரும்பியதும் குரல் மாறிவிட்டது.

"இடிக்க வந்த அன்னிக்கு, எங்கம்மா விடியக்காலையில எழுந்து வாசல கூட்டி, தண்ணி தெளிச்சி, கோலம் போட்டாங்க மிஸ். நாந்தான் கத்தனேன், இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்கும்மா கோலம்னு. திட்டிட்டேன். அம்மா கைய நிறுத்தல. புள்ளி தப்பாம போட்டு முடிச்சிட்டுதான் எழுந்தாங்க. அந்தக் கோலத்து மேலதான் வண்டி ஏறுச்சி." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இத உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன் மிஸ். வேற யார்கிட்டயும் சொல்ல முடியல. எங்கம்மாகிட்ட சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டு ஜோஸ்பின் மடியில் விழுந்து அழுதாள். வீடு போனதற்கு அந்தப் பெண் அழுதது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு சிவசங்கரி சொன்னாள். ஜோஸ்பின் 'அழாதே' என்று சொல்லவில்லை. புத்தி சொல்லவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள், பூசைச் சேலையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? இத்தனை வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருந்த என் தோழியை அந்த நிமிஷத்தில் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வெயில் ஏறியது. கிளம்பலாம் என்று எழுந்தோம். ஜோஸ்பின் வந்த வழியிலேயே குனிந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். கார்முகில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

"செய்முறைத் தேர்வு வெள்ளிக்கெழமை தானே மிஸ்?"

"ஆமா."

"எனக்கு சால்ட்டு கண்டுபுடிக்கறது ஒண்ணுமே தெரியாது. நாலு நாள்ல முடியுமா?"

"முடியும். நாளைக்கு வா."

"வரேன்" என்றாள். அப்புறம் அந்த வெறும் தரையில் நின்றுகொண்டு, ஊரில் எந்தப் பெண்ணும் வந்தவர்களை வழியனுப்பும்போது சொல்வதைப் போல எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வூட்டுக்கு வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் மிஸ்."